நனிசைவ வீட்டின் மாத மளிகை: பாக்கெட் பாலா, வீட்டு சோயாப் பாலா, பாலே வேண்டாமா?

இட்லி, சாம்பார், ரசம், பொரியல், சுண்டல், புளியோதரை எதிலும் பால் கிடையாது. தமிழ்நாட்டு வீடுகளில் சமைக்கும் சைவச் சாப்பாட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே நனிசைவம்தான், அதாவது பால், நெய் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராத வீகன் உணவு. அதனால் வீகனாக மாறும் குடும்பம் மளிகைச் சீட்டை முழுக்கத் திருத்தி எழுத வேண்டியதில்லை. காபிக்குப் பால், கடைசிச் சோற்றுக்கு மோர், பொங்கலுக்கு நெய், பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பால், எப்போதாவது பனீர் ஆகிய ஐந்துக்கு மட்டும் வழி செய்தால் போதும். மாதச் செலவு குறைகிறதா, இரட்டிப்பாகிறதா என்பது இந்த ஐந்தையும் எதைக் கொண்டு ஈடுகட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. பட்டியலின் மற்ற வரிகளில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் இங்கே விட்டதைப் பிடிக்க முடியாது.

கணக்குக்குப் பெரியவர் இருவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்ட நடுத்தரச் சில்லறை விலைகள். உங்கள் ஊர்க் கடையில் பத்து இருபது ரூபாய் கூடும், குறையும். உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள். தொகை மாறும், எது மலிவு எது கூடுதல் என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

முதலில் இப்போது பாலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். நாளுக்கு 1 லிட்டர், ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,200. நெய் அரை லிட்டர் 350. பனீர் 400 கிராம் 180. மொத்தம் 1,730 ரூபாய். மாறும்போது கையில் மிஞ்சும் பணம் இதுதான். இதற்குள் மாற்று ஏற்பாடு முடிந்தால் லாபம், தாண்டினால் செலவு.

பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாற்றுவது

பலரும் முதலில் செய்வது இதைத்தான். பால் இருந்த இடத்தில் பாதாம் பால், பனீர் இருந்த இடத்தில் டோஃபு, நெய்க்கு வீகன் வெண்ணெய். பழக்கம் எதையும் மாற்ற வேண்டாம் என்பது இதன் வசதி. ஆனால் இனிப்பில்லாத பாதாம் பால் லிட்டர் 280 ரூபாய் என்றால், நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் மாதம் 8,400. பின்னால் வரும் பட்டியலில் நால்வருக்கும் மாதம் முழுவதற்குமான மளிகை, காய், பழம் எல்லாம் சேர்ந்தே 9,000 சொச்சம்தான். பாதாம் பால் மட்டும் அதற்கு நிகராகப் போட்டிபோடுகிறது. ஓட்ஸ் பாலும் ஏறக்குறைய இதே கணக்கு. பாக்கெட் சோயாப் பால் லிட்டர் 130 என்று வைத்தால் 3,900.

2025 செப்டம்பர் 22 முதல் தாவரப் பால் பானங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், சோயாப் பாலுக்கு 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும் குறைந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் மாட்டுப் பாலோடு உள்ள இடைவெளியை அது மூடவில்லை.

விலையை விடப் பெரிய சிக்கல் பாதாம் பாலின் சத்தில் இருக்கிறது. 100 மில்லி மாட்டுப் பாலில் 3 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. பெரும்பாலான பாதாம் பால் பாக்கெட்டுகளில் 1 கிராமோ அதற்குக் குறைவோதான். பாக்கெட்டின் பின்புறம் பாதாம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், மிச்சம் தண்ணீர் என்பது தெரியும். வளரும் பிள்ளைக்கு மாட்டுப் பாலுக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. தாவரப் பாலில் புரதத்தில் மாட்டுப் பாலுக்கு அருகில் வருவது சோயா. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால்மாவுக்கோ பதிலாக எந்தத் தாவரப் பாலையும் கொடுக்கக் கூடாது.

பாக்கெட்டுக்கு ஒரு நியாயமான இடமும் உண்டு. கால்சியம் சேர்த்த சோயாப் பாலில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கும், மாட்டுப் பாலுக்கு நிகர். வீட்டில் அரைக்கும் சோயாப் பாலில் அதில் கால் பங்குகூட வராது. 'கால்சியம்' என்று பின்புறம் அச்சிட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும் என்பதால் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது டப்பாவோடு குப்பைக்குப் போகும்.

வீட்டில் அரைக்கும் சோயாப் பால்

கிலோ 90 ரூபாய் சோயாபீன்ஸில் 100 கிராம் எடுத்தால் சுமார் 800 மில்லி பால் கிடைக்கும். நாளுக்கு 100 கிராம், மாதம் 3 கிலோ, 270 ரூபாய். கேஸ் நாளுக்கு 3 ரூபாய் என்று 90 சேர்த்தால் 24 லிட்டருக்கு 360, அதாவது லிட்டர் 15 ரூபாய். புரதம் மாட்டுப் பாலோடு ஏறக்குறைய சமம். இவ்வளவு மலிவாக இருந்தும் பல வீடுகளில் இரண்டாவது வாரமே நின்றுபோகிறது. பெரும்பாலும் காரணம் வாடை. பச்சை பீன்ஸ் வாடை வந்தால் பிள்ளைகள் டம்ளரைத் தொட மாட்டார்கள்.

அந்த வாடை சோயாவிலேயே இருப்பதல்ல. ஊறிய பயறு குளிர்ந்த தண்ணீரில் அரைபடும்போது அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயோடும் காற்றோடும் சேர்ந்து அதை உண்டாக்குகிறது. அரைப்பதற்கு முன்பே சூட்டால் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிட்டால் வாடை பெரும்பாலும் வராது. செய்முறை இப்படி:

100 கிராம் பயறை 8 மணி நேரம் ஊற வையுங்கள். கோடையில் நடுவே ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் நுரைத்துப் புளித்துவிடும். கையால் கசக்கித் தோலை மிதக்கவிட்டுக் களையுங்கள். முழுவதும் போகாவிட்டாலும் பரவாயில்லை. கொதிக்கும் தண்ணீரில் பயறைப் போட்டு 5 நிமிடம் வைத்து வடியுங்கள். பிறகு 900 மில்லி சூடான தண்ணீரை மூன்று பங்காகப் பிரித்து, மிக்ஸி ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் அரையுங்கள். ஜார் நிறைந்திருந்தால் நீராவி மூடியைத் தள்ளிவிடும், கை வெந்துபோகும். மெல்லிய வெள்ளைத் துணியில் பிழிந்து வடிகட்டி, அகலமும் ஆழமும் உள்ள பாத்திரத்தில் காய்ச்சுங்கள்.

காய்ச்சும்போதுதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சோயாப் பால் கொதிநிலைக்கு வருவதற்கு முன்பே நுரைத்துப் பொங்கும். அதைப் பார்த்து இறக்கினால் பால் வேகவில்லை. செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதில் அப்படியே இருக்கும், வயிறு உப்பும். நுரை அடங்கிய பின் சிறு தீயில், அடிபிடிக்காமல் கிளறியபடி 15 நிமிடமாவது கொதிக்க வேண்டும். ஆறியதும் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலில் அரை நாள்கூடத் தாங்காது.

வடிகட்டிய சக்கையில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய இருக்கிறது. தூக்கிப்போட்டால் வாங்கிய காசில் ஒரு பங்கு போச்சு. அன்றைக்கே அடை மாவிலோ, வடை மாவிலோ, சப்பாத்தி மாவிலோ கலந்துவிடுங்கள். நன்றாக வேக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காபியில் திரிகிறதே என்பது அடுத்த புகார். டிகாக்ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரிக்கின்றன. பாலை நன்றாகச் சூடாக்கி, அதில் டிகாக்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். சிக்கரி கலந்த தூள் புளிப்பு குறைவாக இருப்பதால் திரிவதும் குறைவு. அப்படியும் திரிந்தால் பாலில் ஆப்பசோடா அரைச் சிட்டிகை போதும். அதற்கு மேல் போட்டால் சோப்புச் சுவை வரும்.

தயிர்க் கணக்கு வேறு. 200 கிராம் நிலக்கடலையை 6 மணி நேரம் ஊறவைத்து, தோல் நீக்கி, 600 மில்லி தண்ணீரில் அரைத்து வடிகட்டி, கெட்டியாகும்வரை காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டில் உறை ஊற்ற வேண்டும். முதல் தடவைக்குப் பச்சை மிளகாய்க் காம்பு எட்டுப் பத்து போட்டு 10 மணி நேரம் வைத்தால் உறையும். அந்த முதல் தயிர் சுமாராகத்தான் இருக்கும். அதிலிருந்து எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் சரியாக வரும். செலவு ஒரு தடவைக்கு 30 ரூபாய். மாட்டுப் பால் தயிரை விட இது மலிவல்ல என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். தினமும் செய்தால் மாதம் 900 ரூபாய் கடலைக்கே போகும். வாரம் இருமுறை தயிர்சாதத்துக்கு என்று வைத்தால் நியாயம். மோர்க்குழம்புக்கு இது ஒத்துவராது, கடலை வாடை மேலே நிற்கும்.

ஈடே தேடாமல் பட்டியலை மாற்றுவது

மலிவான வழி இது. காபிக்குப் பதில் சுக்குக் காபியோ கடுங்காபியோ எலுமிச்சைத் தேநீரோ. மோருக்குப் பதில் நீராகாரமும் சின்ன வெங்காயமும். பொங்கலுக்கு நல்லெண்ணெய், மிளகு சற்றுத் தூக்கலாக. இட்லிப் பொடிக்கு எப்படியும் நல்லெண்ணெய்தான் சிறப்பு. பாயசத்துக்குத் தேங்காய்ப் பால். பால் வகைக்கான செலவு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். பாலால் வந்துகொண்டிருந்த புரதத்தையும் கால்சியத்தையும் வேறு எங்கிருந்து கொண்டுவருவது என்பதை இங்கே கட்டாயம் எழுதிவைத்துத் திட்டமிட வேண்டும். 'பாலை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்' என்று இருக்கும் வீட்டில் முதலில் காய்வது பிள்ளைகளின் தட்டு.

எங்கள் பரிந்துரை மூன்றையும் கலப்பதுதான், ஆனால் சமமாக அல்ல. பெரியவர்களின் காபிக்கும் சமையலுக்கும் வீட்டுச் சோயாப் பால். மோருக்கும் நெய்க்கும் மூன்றாவது வழி. வசதி இருந்தால் பிள்ளைகளுக்கு மட்டும் கால்சியம் சேர்த்த பாக்கெட் சோயாப் பால், ஆளுக்கு 200 மில்லி. அது மாதம் 12 லிட்டர், 1,560 ரூபாய். வசதி இல்லையென்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக் கால்சியம் மாத்திரையோ சிரப்போ எழுதி வாங்குவது இதைவிட மலிவு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் தினமும் அரைக்க முடியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை 200 கிராம் போடுங்கள், ஒருமுறைக்கு 40 நிமிடம் ஆகும். அதுவும் முடியாது என்றால் பாதாம் பக்கம் போகாமல் பாக்கெட் சோயாவிலேயே நில்லுங்கள், அளவைப் பாதியாக்குங்கள்.

10 கிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம்?

கிலோ விலையைப் பார்த்து 'இது மலிவு' என்று முடிவு கட்டுவது ஏமாற்றும். கிலோ விலையை அந்தக் கிலோவில் உள்ள புரதத்தால் வகுத்துப் பாருங்கள்:

- ரேஷன் துவரம்பருப்பு, கிலோ 30 ரூபாய்: 10 கிராம் புரதம் 1.40
- சோயாபீன்ஸ், கிலோ 90: 2.50
- சோயா உருண்டை (மீல் மேக்கர்), கிலோ 140: 2.70
- கொள்ளு, கிலோ 90: 4.10
- கறுப்புக் கொண்டைக்கடலை, கிலோ 100: சுமார் 5
- தட்டைப்பயறு, கிலோ 120: 5.50
- பாசிப்பயறு, கிலோ 130: 5.60
- நிலக்கடலை, கிலோ 150: 6
- கடைத் துவரம்பருப்பு, கிலோ 140: 6.40
- மாட்டுப் பால், லிட்டர் 40: 12.50
- பாக்கெட் டோஃபு, 200 கிராம் 90: சுமார் 37

ரேஷன் அட்டைக்கு மாதம் கிடைக்கும் 1 கிலோ துவரம்பருப்பை விட மலிவான புரதம் இந்தப் பட்டியலில் வேறு இல்லை. அதை வாங்காமல் விடுவது ஒவ்வொரு மாதமும் 110 ரூபாயை விடுவது. 25 ரூபாய் பாமாயிலும் அப்படித்தான், வடை பொரிக்க உதவும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகும் வாங்கிக்கொள்ளலாம். கால்சியம் கணக்குக்கு அது பெரிய துணை.

பட்டியலின் கடைசி வரியையும் பாருங்கள். டோஃபு நல்ல உணவுதான், ஆனால் வாரந்தோறும் வாங்கும் பொருளாக வைத்தால் பட்ஜெட் கசியும். வீட்டுச் சோயாப் பாலை எலுமிச்சைச் சாற்றில் திரித்துத் துணியில் கட்டி, மேலே கனம் வைத்தால் டோஃபு ஆகிவிடும். போலி இறைச்சிப் பாக்கெட்டுகளை மாதப் பட்டியலில் எழுதவே வேண்டாம், விருந்துச் செலவில் போடுங்கள்.

சோயா உருண்டை மலிவு என்பதற்காக எடுத்த எடுப்பில் தினமும் போடக் கூடாது. ஒரு நேரத்துக்கு நால்வருக்கு 60 முதல் 80 கிராம் போதும், ஊறினால் மூன்று மடங்காகும். உப்புப் போட்ட வெந்நீரில் கொதிக்கவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்தால்தான் வாடை போகும். பிழியாமல் குழம்பில் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் மசாலாவை உள்ளே விடாது.

மாதப் பட்டியல், நால்வருக்கு

- பொன்னி அரிசி 10 கிலோ, இட்லி அரிசி 5 கிலோ (இதோடு ரேஷன் அரிசி 10 கிலோ, விலையில்லாமல்): 825
- கோதுமை மாவு 4 கிலோ, கேழ்வரகு 3 கிலோ: 350
- துவரம்பருப்பு, ரேஷன் 1 கிலோ, கடையில் 1½ கிலோ: 240
- உளுந்து 2 கிலோ: 280
- பாசிப்பருப்பு 1 கிலோ, கடலைப்பருப்பு ½ கிலோ: 180
- கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு தலா 1 கிலோ, கொள்ளு ½ கிலோ: 395
- சோயாபீன்ஸ் 3 கிலோ, சோயா உருண்டை 600 கிராம்: 355
- நிலக்கடலை 2½ கிலோ: 375
- எள் ½ கிலோ: 120
- பாமாயில் 1 லிட்டர், கடலை எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் ½ லிட்டர்: 595
- தேங்காய் 10: 350
- காய், கீரை, வாரம் 600: 2,400
- பழம், வாரம் 250: 1,000
- புளி, மிளகாய், மல்லி, வெல்லம், காபித்தூள், உப்பு முதலியன: 1,300
- வைட்டமின் பி12, கால்சியம் மாத்திரை: 300

கூட்டினால் 9,065. இதில் தானியம், பருப்பு, பயறு, கடலையிலிருந்து மட்டும் நாளுக்குச் சுமார் 215 கிராம் புரதம் வீட்டுக்குள் வருகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 55 என்று வைத்தாலும் 155தான் தேவை. தாவரப் புரதம் கொஞ்சம் குறைவாகவே செரிக்கும் என்று கூட்டி வைத்தாலும் கையிருப்பு மிஞ்சுகிறது. ஆகவே புரதப் பொடி டப்பாவுக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

பாலை நிறுத்தியதால் புதிதாகச் சேர்ந்தவை எவை? சோயாபீன்ஸ் 270, கேஸ் 90, தயிருக்கான கடலை 240, எள் 120, கூடுதல் கேழ்வரகு 100, சோயா உருண்டை 85, நல்லெண்ணெய் 190, மாத்திரை 300. மொத்தம் 1,395. விட்ட 1,730-இல் மிச்சம் 335 ரூபாய். 'வீகன் ஆனால் பாதிச் செலவு' என்பதும் உண்மையில்லை, 'பணக்காரர் உணவு' என்பதும் உண்மையில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டால் முந்நூறு சொச்சம் மிஞ்சும். பிள்ளைகளுக்குப் பாக்கெட் சோயாவும் வாங்கினால் சுமார் 1,200 கூடும்.

கால்சியமும் பி12-உம்

கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கிறது, எள்ளில் ஆயிரத்துக்கு மேல், முருங்கைக்கீரையில் 300 அளவில். இதைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று இருக்கக் கூடாது. எள்ளின் கால்சியத்தில் பெரும்பங்கு தோலில் ஆக்சலேட் என்ற பொருளோடு பிணைந்து கிடக்கிறது, உடலில் சேர்வது கொஞ்சம்தான். பாலக்கீரையும் அப்படியே. மேலே உள்ள பட்டியலின்படி ஒருவருக்கு நாளுக்கு 400, 450 மில்லிகிராம் வரும். பெரியவர்களுக்குப் பரிந்துரை 1,000. அதனால்தான் கால்சியம் மாத்திரையையோ கால்சியம் சேர்த்த பாலையோ மளிகைச் செலவிலேயே எழுதியிருக்கிறோம். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் என்ற பொருள் குறைந்து உடலில் சேர்வது கூடும்.

பி12 விஷயத்தில் பேரமே கிடையாது. பழைய சோற்றிலும், முளைகட்டிய பயறிலும், சுருள்பாசியிலும் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று சொல்வதை நம்பி இருக்காதீர்கள். உடலுக்குப் பயன்படும் பி12 அவற்றில் நம்பகமான அளவில் இல்லை. உடலில் பழைய சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில வருடங்கள் ஆகும், தெரியும்போது நரம்பு பாதித்திருக்கும். மாத்திரை எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் பொதுப்பெயர் மருந்துகள் மலிவாகக் கிடைக்கின்றன. கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது, ஆகவே மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.

இரும்புக்குத் தனிச் செலவு வேண்டாம், பழக்கம்தான் மாற வேண்டும். சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள். காபி, டீயைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளுங்கள்.

எங்கே வாங்குவது

பருப்பும் பயறும் மாதத்துக்கு ஒருமுறை மொத்தக் கடையில், காயும் கீரையும் வாரத்துக்கு ஒருமுறை உழவர் சந்தையில். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து இருக்கும் நடைமுறை, அன்றைய விலையைப் பலகையில் எழுதி விவசாயியே விற்பது. தரம் பார்த்து எடுக்க வேண்டும் என்றால் விடிந்ததும் போங்கள். காசு முக்கியம் என்றால் சந்தை கலையும் நேரத்துக்குப் போங்கள், கீரைக்கட்டு விலை இறங்கியிருக்கும். மார்கழி, தையில் முருங்கைக்காய் விலை எகிறும். அந்த மாதங்களில் சாம்பாருக்கு முள்ளங்கியையும் பூசணியையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மொத்தக் கடை என்றால் மதுரைக்காரர்களுக்குக் கீழமாசி வீதி இருக்கிறது, மற்ற ஊர்களிலும் அப்படியொரு வீதி இருக்கும். 5 கிலோ வாங்கினால்தான் விலை வித்தியாசம் தெரியும். இரண்டு வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரிப்பது நல்லது. பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலிகளில் பருப்பு விலை ஒன்றாகவே இருந்தாலும், கையாளும் கட்டணமும் கூடவே வந்து விழும் சிப்ஸ் பாக்கெட்டும் கணக்கைக் கெடுக்கும். பாக்கெட்டில் வாங்கினால் எடையைப் படியுங்கள். 500 கிராம் என்று நினைத்து எடுப்பது 450 ஆக இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிக் குவிக்கக் கூடாது. நிலக்கடலையை மழைக்காலத்தில் மாதத்துக்கு மேல் சேமித்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நச்சு வறுத்தாலும் வெந்தாலும் முழுமையாகப் போகாது. நிறம் மாறியது, சுருங்கியது, கசப்பது எதுவாக இருந்தாலும் பொறுக்கி எறியுங்கள். சோயாபீன்ஸ் ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் ஊறியும் மென்மையாகாது, பாலும் குறையும். வாங்கும்போது வெளிர் மஞ்சளாக, பளபளப்பு மங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். எள்ளை முழுசாக வைத்தால் நாள்பட இருக்கும், பொடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் காறல் அடிக்கும். பயறு வகைகளை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறவிட்டு, காய்ந்த மிளகாய் நாலு போட்டு இறுக்கமாக மூடி வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து வண்டுக்கு வழிவிடும்.

பச்சைப் புள்ளியை நம்பி வாங்காதீர்கள்

பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது. பாலும் நெய்யும் தேனும் அதற்குள் அடங்கும். பிஸ்கட், பிரெட், சூப் பொடி, பிள்ளைகளுக்கான சத்துபானப் பொடி ஆகியவற்றில் பால் பவுடர் இருப்பது வழக்கம். 2022-இல் வந்த நனிசைவ உணவு விதிமுறைகளின்படி பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் இலையும் கொண்ட தனி முத்திரை இருக்கிறது. ஆனால் முத்திரை இல்லாத அரிசி, பருப்பு, மசாலாப் பொடி எல்லாம் நனிசைவம்தான். முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுத்து மிளகாய்த்தூள் வாங்க வேண்டாம். மூலப்பொருள் வரிசையில் 'பால் திடப்பொருள்', 'மோர்ப் பொடி' (whey powder), பால் புரதமான 'கேசின்' இருக்கிறதா என்று பாருங்கள். 'பால் கலந்திருக்கலாம்' என்ற வரி, அதே ஆலையில் பால் பொருளும் தயாராகிறது என்ற ஒவ்வாமை எச்சரிக்கை மட்டுமே. அதைத் தவிர்ப்பதா என்பது உங்கள் முடிவு, பால் ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் தவிர்த்தே ஆக வேண்டும்.

தனியாக அறையெடுத்து இருப்பவருக்கு

நால்வர் கணக்கை நாலால் வகுத்தால் தனி ஆளின் செலவு வராது. ஒரு லிட்டர் சோயாப் பாக்கெட்டைத் திறந்தால் பிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் முடிக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லையென்றால் 200 மில்லி பாக்கெட்தான், லிட்டர் கணக்கில் அது எப்போதும் விலை கூடுதல். அந்த நிலையில் பாலையே விட்டுவிட்டுக் கடுங்காபிக்குப் போவது மேல். இரவில் ஊறப்போட்ட ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலை, வேகவைத்த நிலக்கடலை, வாழைப்பழம், வாரம் இரண்டு முறை சோயா உருண்டை, பக்கத்து மெஸ்ஸில் சாம்பார்ச் சோறு என்று வைத்தால் புரதம் போதும். மெஸ்ஸில் சேரும்போதே பொரியலுக்கும் பருப்புக்கும் நெய் விடுகிறார்களா, சப்பாத்தி மாவில் பால் சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். பி12 மாத்திரையை மாதம் தொடங்கும்போதே வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் காசு இறுகும்போது அதுதான் முதலில் தள்ளிப்போகும்.